முப்பத்திரண்டாவது வாசல்

புதுத் தென்னூரில் காலை மணி அடித்ததும் இறந்தவர்கள் எழுந்துகொள்வார்கள். செவ்வாயின் மண்ணுக்கடியில் இருந்த அந்தக் குடியிருப்பின் விழிப்புக்கூடத்தில், கண்ணாடிப் பலகைகளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். போன மாதம் காலமான தாசில்தார் ஒருவர், காபியில் சர்க்கரை போதவில்லை என்று மகளிடம் சண்டைக்கு நின்றார்.

அடுத்த பலகை இருட்டாகவே இருந்தது. அதன் எதிரில் திலகவதி, மடியில் விபூதிப் பொட்டலத்துடன் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் தாயுமானவன் சாகும் முன் அவர் மனத்தை நகலெடுத்து வைத்த உயிர்ப்பிரதி இதுவரை ஒரு தடவைகூட விழிக்கவில்லை. இன்றும் விழிக்காவிட்டால் பிரதியை அழித்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கூடத்தின் சட்டம் அப்படி.

பிரதிகளை எழுப்பும் வேலை சுலைகாவுடையது. செவ்வாயிலேயே பிறந்து வளர்ந்த பெண். தன் தேநீரில் பாதியை இன்னொரு குவளையில் ஊற்றித் திலகவதியிடம் நீட்டினாள்.

"என்னதான் பாப்பா கோளாறு?"

"கோளாறு இல்லம்மா. எதையோ தேடறார்."

உயிர்ப்பிரதிக்கு உடம்பு கிடையாது. பாவனைக்கூடு என்னும் மென்பொருளுக்குள்தான் அது குடியிருந்தது. ஆனால் உடம்பு இல்லை என்று அதற்குத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் மிரண்டு அணைந்துபோகும். அதனால் கூட்டுக்குள் உறுப்புக்கு ஒன்றாக வரிசையாக வாசல்கள் வைத்திருந்தார்கள். விழிப்பதற்கு முன் பிரதி ஒவ்வொரு வாசலாகத் தட்டும். நீ யார், என்ன செய்வாய், உனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கும். வாசலில் இருக்கும் பதிவகம், இல்லாத கண்ணுக்காகவும் இல்லாத காலுக்காகவும் பொறுமையாகப் பதில் சொல்லும். எல்லாம் இருக்கிறது என்று நம்பிய பிறகே பிரதி கண் திறக்கும்.

மனிதர்கள் எல்லோருக்கும் முப்பத்தொரு வாசல் போதுமானதாக இருந்தது. தாயுமானவன் முப்பத்திரண்டாவது வாசலைத் தட்டினார். அதுவும் கண்ணையும் காதையும் கேட்பதற்கு முன்னால் தட்டினார். அந்த வாசலில் ஒன்றும் இல்லை. பதில் வராததால் மறுபடியும் அதையே தட்டிக்கொண்டிருந்தார்.

"நானா இருக்குமோ?" என்றாள் திலகவதி. "கண்ணத் தொறக்கறதுக்கு முன்னாடியே என்னத்தான் கூப்பிடுவார்."

"அவ்வளவு பாசமாம்மா?"

"காபிக்கு."

சுலைகா சிரித்துவிட்டு ஒரு காரியம் செய்தாள். காலியாக இருந்த பதிவகத்தில் 'இருக்கிறேன்' என்ற ஒரே பதிலை மட்டும் எழுதிவைத்தாள். இருப்பது யார் என்று சொல்லவில்லை. பதில் கிடைத்தால் அவர் அடுத்து என்ன செய்கிறார் என்று பார்க்க நினைத்தாள்.

பலகையில் ஒரு வலது கையின் கோட்டோவியம் தோன்றியது. விரல்கள் லேசாக மடங்கின. கட்டைவிரல் மட்டும் அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது.

"ஜெபம் பண்றாரும்மா," என்றாள் சுலைகா மெல்ல. "எங்க வாப்பா தஸ்பீஹ் மணி உருட்டறப்ப இப்படித்தான் இருக்கும்."

திலகவதிக்குக் கண் கலங்கியது. கோயிலுக்குப் போனால் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிடும் மனிதர். ஒரு நாளும் கை கூப்பியதில்லை. கடைசியில் கடவுள் அவரை விடவில்லை என்று நினைத்துக்கொண்டு விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

கட்டைவிரல் மேலே தள்ளியது. தள்ளியது. நின்றது. இரண்டு தட்டுத் தட்டியது. மறுபடி மேலே தள்ளியது.

திலகவதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை மடித்தாள்.

"ஜெபம் இல்ல பாப்பா. செல்போன்."

சுலைகா அதைக் கண்டதில்லை. செவ்வாயில் எல்லோருக்கும், தொலைவில் இருப்பவரோடு பேசக் காதுக்குள்ளேயே மணி பதித்திருந்தார்கள். "அது உறுப்பாம்மா?"

"அப்ப எங்க எல்லாருக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

பூமியின் பழம்பொருள் காப்பகத்தில் தேடி, அந்தக் கருவியின் பெயர், வகை, அதற்கு வேண்டிய இடம் எல்லாவற்றையும் சுலைகா பதிவகத்தில் எழுதினாள். "உள்ள என்னம்மா போடட்டும்?"

"ஒண்ணும் போடாத. ஒரே ஒரு நம்பர், என்னோடது. 'வீடு'ன்னு பேர் வை. அப்படித்தான் வச்சிருந்தார்."

"கோவம் வரலியாம்மா?"

"நாப்பது வருஷம் பட்டாச்சு. அவர் எந்திரிக்கட்டும், போதும்."

சுலைகா அந்த எண்ணைத் திலகவதியின் காதுமணியோடு இணைத்தாள். பலகையில் வெளிச்சம் வந்தது. தாயுமானவன் கண் திறந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இரண்டு அடி தூரத்தில், திலகவதி எழுந்து நின்றாள். அவர் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் இருந்த செல்போன் ஒலித்தது.

"ஹலோ. சொல்லு திலகா. எங்க இருக்க?"

"இங்கதாங்க."

"குரல் ஏன் ஒரு மாதிரியா இருக்கு? சாப்டியா?"

அவர் பேசினார். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவளுக்கு முழங்கால் வலி என்பது அவருக்குத் தெரியும் என்பதே திலகவதிக்கு இன்றுதான் தெரிந்தது. கட்டைவிரலால் கருவியின் விளிம்பைத் தடவிக்கொண்டே, தலை நிமிராமல், நிறையப் பேசினார்.

"எதிர்லதான் நிக்கிறீங்கன்னு சொல்லுங்கம்மா," என்று சுலைகா கிசுகிசுத்தாள்.

திலகவதி வேண்டாம் என்று கையசைத்தாள். "நேர்ல நின்னா 'ம்'முக்கு மேல வராது பாப்பா."

கை அசைந்தது அவர் ஓரக்கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"எதிர்ல யாரோ நிக்கிறாங்க போலிருக்கு," என்றார் தாயுமானவன். "நிக்கட்டும். நீ சொல்லு."

திலகவதி விபூதியை எடுத்துக் கண்ணாடியில், அவர் நெற்றி இருந்த இடத்தில் பூசினாள். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.