சின்னவளின் பசி

அக்கா மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, நர்ஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தங்கை வந்திருந்தாள். மரக்கன்று வளர்க்கும் பண்ணைக்குள்ளேயே வீடு. கதவைத் திறந்ததும் ஈர மண் வாடை முகத்தில் அடித்தது.

அக்காவின் பெரியவள் கட்டிலில் கிடந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"நல்லாத்தான் சாப்பிடுறா. உடம்புல ஒட்ட மாட்டேங்குது," என்றார் அக்கா வீட்டுக்காரர்.

சின்னவள் காய்ச்சலில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கொல்லையில் பெரிய மரத்தடியில் புதைத்திருந்தார்கள். குழிக்குள் ஒரு கூடை காளான் இழையைக் கொட்டியது அவர்தானாம்.

"கன்னுங்களுக்கு வேர்ல வைக்கிறதுதான். மண்ணுக்குள்ள வெள்ளை நூலா ஓடும். பெரிய மரத்துகிட்ட வாங்கி, நிழல்ல வாடுற கன்னுக்கு ஊட்டும். பிள்ளைக்கும் துணையா இருக்கட்டும்னு..." முடிக்காமலே அவர் வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அவள் போர்வையை விலக்கிப் பெரியவளின் காலைத் துடைத்தாள். துணி எதிலோ சிக்கியது.

குதிகாலிலிருந்து வெள்ளை நூல்கள். கொத்தாகக் கட்டிலை விட்டு இறங்கி, தரை விரிசலுக்குள் போயின.

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தன.

உள்ளே எதுவோ உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கத்திரிக்கோலை எடுத்து ஒரே வெட்டு.

கொல்லையில், மண்ணுக்கடியில், ஒரு குழந்தை வீறிட்டது.

"ஏண்டி அறுத்தே?" வாசலில் அக்கா. ரகசியம் போலத்தான் கேட்டாள். "சின்னவ சாப்பிட்டுட்டு இருந்தா."

"தெரிஞ்சேவா போர்வையைப் போத்தி வெச்சே?"

"பெரியவ ஒம்போது வருஷம் சாப்பிட்டுட்டாளே. சின்னவளுக்கு நாலுகூட முடியலை."

"இவளும் செத்துடுவாக்கா!"

"சாகட்டும். ரெண்டும் ஒண்ணா இருக்கும். அப்புறம் ஊட்டுறதுக்கு நான் இருக்கேன்ல."

பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள் தங்கை. அக்கா துரத்தவில்லை. சாலையில் ஏறிய வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, அக்கா மரத்தடியில் குப்புறக் கிடந்து, மண்ணுக்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரை நுழைத்திருந்தாள். பால் கொடுக்கும் தாய் ஆடுவதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெரியவளின் கன்னத்தில் சதை பிடிக்க ஆரம்பித்த நேரத்தில் போன் வந்தது.

"உங்கக்கா போயிட்டாம்மா." பேசியது அக்கா வீட்டுக்காரர். "தூக்குனா கனமே இல்ல. வெறுங்கூடு. குழி வேற தெறந்து கெடக்கு... உள்ள யாரும் இல்ல. சின்னச் சின்னக் கால் தடம் மட்டும் தெரியுது."

"வீட்டுப் பக்கமா மாமா?"



"இல்லம்மா. ரோட்டுப் பக்கம்."