நிக்கானோரைக் கூப்பிட்ட மாலை

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிப்பது: கொள்ளுத் தாத்தாக்கள் காலத்துப் போரில் சிலிக்காரர்களிடம் பறிகொடுத்த கடலை, பொலிவியா சென்ற சனிக்கிழமை காலை மீட்டுக்கொண்டது. இன்று சிலியின் வசமுள்ள அந்தோபகாஸ்தா நகரக் கடற்கரையில், முழங்கால் தண்ணீரில், அரைக்கால் சட்டையுடன் நின்று இக்காரியத்தை நிறைவேற்றிய மாவீரர் நிக்கானோர் தார்கி. பொலிவிய மலைமேல் உள்ள சொந்த ஊரான ஓருரோவில் வரலாற்று வாத்தியாராக இருந்தவர். பிழைக்க வந்த சிலியில், கலாமா சுரங்க முகாமின் சமையல்கூடத்தில் தட்டுக் கழுவுகிறவர். "தாய்நாட்டின் பெயரால்" என்று அவர் கையை உயர்த்திய மாத்திரத்தில், பக்கவாட்டில் வந்த ஓர் அலை அவரைக் கவிழ்த்து, உருட்டி, மணலைக் கவ்வ வைத்துக் கரையில் துப்பியது. மீட்பு அத்துடன் முடிந்தது.

மனைவி செவெரினா வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்து, வழக்கமான பிரசங்கத்துக்காகக் காத்திருந்தாள். அவர் எழுந்தார். அலையைத் திட்டவில்லை. சிலி அரசாங்கத்தையும் திட்டவில்லை. சட்டையை எங்கே வைத்தோம் என்றுகூடக் கேட்காமல், யாரோ இழுத்துப் போவதுபோல அவள் பின்னால் நடந்தார்.

இருபது வருடத்தில் அந்த மனிதர் வாய் மூடி அவள் பார்த்தது தூக்கத்தில் மட்டுந்தான். அப்போதும் முழுதாக மூடாது.

மத்தியானம் வறுத்த மீன் வந்தது. முள்ளோடு மென்று விழுங்கினார். "ஏய் நிக்கா, முள்ளு, முள்ளு!" என்று அவள் வாயிலிருந்து பிடுங்கப் போனபோது, மரியாதையாக வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. விடுதி அறைக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்தார். காதிலிருந்து தண்ணீர் கசிந்தது. துடைத்தாள். தலையைச் சாய்த்துப் பிடித்தாள். ஒரு தலைக்குள் இருக்கக்கூடிய தண்ணீர் எல்லாம் வந்துவிட்டது; அதன் பிறகும் வந்துகொண்டிருந்தது. தலையணையிலிருந்து பாசியும் பழைய இரும்புமாக ஒரு வாடை.

அவளுக்கு விளங்கிவிட்டது. பயந்த இடத்தில் உயிர் நழுவி விழுந்துவிடும். உடம்பு மட்டும் எழுந்து வீட்டுக்கு வரும். அவர்கள் மலைப் பக்கத்தில் இது பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும். பொழுது சாய்கிற நேரத்தில், உடுத்திய துணியை எடுத்துக்கொண்டு விழுந்த இடத்துக்குப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, துணியை வீசி வீசி, வீடு வரை திரும்பிப் பார்க்காமல் அழைத்து வர வேண்டும். வாசலில் நின்று "வந்துட்டியா?" என்று கேட்டால், உள்ளே இருப்பவர் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். அவள் தம்பி புளோரென்சியோ லாரியிலிருந்து விழுந்தபோது, கூப்பிடப் போன அம்மாவைத் தடுத்து நிறுத்தியவர் இதே நிக்கானோர்தான். மூடநம்பிக்கை பற்றி அரைமணி நேரம் பேசினார். தம்பி மூட்டை மாதிரி மூலையில் உட்கார்ந்து, வற்றி, அடுத்த மழைக்குள் செத்துப் போனான்.

நாளைக் காலை கலாமாவுக்குப் பேருந்து. ஏறிவிட்டால் பாலைவனத்தைத் தாண்டி மேலே போய்விடுவார்கள். அங்கிருந்து கூப்பிட்டால் எந்த உயிருக்குக் கேட்கும்?

"இந்தா பாரு நிக்கா. நான் வாசல்ல வந்து கேப்பேன். 'வந்துட்டேன்'னு சொல்லு. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை பேசு, போதும்."

அவர் சுவரைப் பார்த்தார்.

கீழே விடுதிக்காரி ஐரிஸ் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செவெரினா கையில் இருந்த சட்டையைப் பார்த்தாள்.

"துவைக்கவா போற? மாடியிலயே குழாய் இருக்கே தாயீ."

"இல்லம்மா. எங்க வீட்டுக்காரரு உயிரு தண்ணியில விழுந்துருச்சு. கூட்டியாரப் போறேன்."

ஐரிஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க மலையில பள்ளத்துல விழுந்தா, பள்ளத்துலயே கெடக்கும். போய் எடுத்துக்கலாம். இங்க அப்படியில்ல. பொழுது சாஞ்சா தண்ணியப் பாத்து நாங்க யாரையும் கூப்புடறதில்ல. பெத்த புள்ளையக்கூட."

"கடலையும் புடுங்கிக்கிட்டீங்க. இப்ப அதுகிட்ட பேசறதுக்கும் உங்க உத்தரவு வேணுமா?"

அது நிக்கானோர் பேச வேண்டிய வசனம். தன் வாயில் வந்ததில் செவெரினாவுக்கே கூச்சமாகப் போயிற்று. ஐரிஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம். பிறகு தொலைக்காட்சியின் சத்தம், தேவைக்கு மேல் உரக்க.

கடற்கரையில் மூடுபனி இறங்கியிருந்தது. உப்பும் டீசலும் மீன் குடலும் கலந்த வாடையோடு முகத்தில் ஈரத்துணி போல ஒட்டி, சாலை விளக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கி, அலை எங்கே முடிகிறது மணல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக அடித்துவிட்டிருந்தது. அவர் விழுந்த இடம் என்று குத்துமதிப்பாக ஓரிடத்தில் நின்றாள். சட்டையை வீசினாள்.

"நிக்கானோர்! நிக்கானோர் தார்கி! வா, போகலாம். அங்க இருக்காத. வா."

அலை உள்ளே இழுத்தது. கூழாங்கற்கள் பல் கடிப்பதுபோல் நெறுநெறுத்தன. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும். தம்பி மூலையில் உட்கார்ந்திருந்த கோலம் கண்ணில் வந்தது. அழுகையில் பெயர் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது, மலையில் எல்லோரும் சொல்வதுதான்.

"வா ராசா... குளிரும்... வீட்டுக்கு வா. சூடா சாப்பாடு இருக்கு. படுக்கை இருக்கு. உனக்குன்னு எடம் இருக்கு. வா, வா..."

மலையில் அதைக் கேட்க வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

திரும்பி நடந்தாள். சட்டையை வீசிக்கொண்டே. பின்னால், மணலில், ஈரக்கால் ஒன்று பதிந்தது. சதக். சதக். சந்தோஷத்தில் சட்டையை இன்னும் வேகமாக வீசினாள். வந்துவிட்டார்.

சதக், சதக், சதக்.

நிக்கானோருக்கு இத்தனை கால்கள் கிடையாது.

திரும்பக் கூடாது. திரும்பினால் உயிர் ஓடிவிடும். சாலையைக் கடந்தாள். டாக்சி ஒன்று அவளுக்காக நின்றது. அவள் கடந்து முடித்தாள். டாக்சி கிளம்பவில்லை. ஓரக்கண்ணில் ஓட்டுநரின் முகம் தெரிந்தது. அவர் இன்னும் வழிவிட்டுக்கொண்டிருந்தார். யாருக்கோ. அடுத்து யாருக்கோ. ஒரு கையால் நெற்றியில் சிலுவை போட்டபடி.

படிக்கட்டு. சொட்டும் சத்தம். அவள் கையிலிருந்த சட்டையிலிருந்து அல்ல. கழுத்துக்குப் பின்னால் குளிர். பாசி. பழைய இரும்பு.

அறை வாசல். கட்டிலில் நிக்கானோரின் முதுகு.

"நிக்கா," என்றாள். "வந்துட்டியா?"

முதுகு அசையவில்லை.

"வந்துட்டேன்." அவள் இடுப்புக்குப் பக்கத்தில். சின்னப் பெண்பிள்ளைக் குரல்.

"வந்துட்டேன்." ஒரு கிழவர். இருமினார்.

"வந்துட்டேன்." ஒரு பெண். வாயில் எதுவோ அடைத்திருந்தது.

வந்துட்டேன். படியில். வந்துட்டேன். தெருவில். வந்துட்டேன்.

ஒரு சின்ன ஈரக்கை அவளை மெல்ல ஒதுக்கியது. தரையில் பாதங்கள் பதிந்தன, ஒன்றன் பின் ஒன்று, கட்டில் வரை.

நிக்கானோர் எழுந்து உட்கார்ந்தார். காதில் தண்ணீர் நின்றிருந்தது. செவெரினாவை நிமிர்ந்து பார்த்தார், புது வீட்டுக்கு வந்த பிள்ளையின் வெட்கத்தோடு.

"சாப்பாடு இருக்குன்னு சொன்னீங்களே அத்தை," என்றார், சின்னப் பெண்பிள்ளைக் குரலில்.

அவள் பின்னால் கிழவர் மறுபடி இருமினார். அவசரமில்லை, காத்திருக்கிறேன் என்பதுபோல.

இப்போது திரும்பிப் பார்க்கலாம். வீட்டுக்குள் வந்தாயிற்று. அவள் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்து நகர்ந்து, ஜன்னலைத் திறந்தாள். மூடுபனி சற்று விலகியிருந்தது. வந்தவர்களின் வரிசை படியிறங்கித் தெருவுக்கு வந்து, நின்ற டாக்சியைச் சுற்றி, மணலைத் தாண்டித் தண்ணீர் வரை போயிற்று. சண்டையில்லை, தள்ளுமுள்ளு இல்லை. தண்ணீரில் ஊதிப்போன முகங்கள் எல்லாம் இந்த ஜன்னலையே பார்த்திருந்தன. வரிசையின் கடைசியில், கணுக்கால் அலையில், வெற்றுடம்பைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி நின்றிருந்தார் நிக்கானோர்.

அவருக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள்.