மஞ்சள் பஞ்சு

வெள்ளை வேட்டியும் வெள்ளைப் பனியனும் மட்டும் போட்ட டிரையரில் மஞ்சள் பஞ்சு எங்கிருந்து வரும்?

யோகலட்சுமி ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். துணியிலிருந்து உதிரும் நூலும் தூசும் வந்து சேர்கிற அந்தச் சின்ன வலைத்தட்டில் கோழிக்குஞ்சு நிறத்தில் கனமாக ஒரு படலம். காலையில்தான் அதை வழித்து எடுத்துக் குப்பையில் போட்டிருந்தாள்.

"இதான் தங்கச்சி வம்பு," என்றார் மெக்கானிக் காளிராஜ். நரைத்த மீசைக்காரர், இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார். "பஞ்சு அடைச்சா சூடு வெளிய போகாது. உள்ளயே நின்னு கொதிக்கும். மஞ்சத் துணி என்னத்தைப் போட்டீக?"

"மஞ்சத் துணியே இந்த வீட்ல இல்லண்ணே."

அவர் நம்பவில்லை. மெஷினைச் சுவரிலிருந்து அங்குட்டு நகர்த்தி, காற்றுக்குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். அடைப்பு இல்லை. சூட்டை அளக்கிற சென்சாரைப் போன வாரம்தான் புதிதாக மாற்றியிருந்தார், அதிலும் பழுது இல்லை. கடைசியாக டிரம்முக்குள் மீட்டரை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னும் நாப்பது டிகிரியிலயே நிக்குதே!"

நாற்பது என்றால் காய்ச்சல் கணக்கில் நூற்று நான்கு. யோகலட்சுமிக்கு அது அத்துப்படி.

"நாளைக்குக் கம்பெனி ஆளைக் கூட்டியாரேன். அதுவரைக்கும் இதைத் தொடாதீக," என்று சொல்லி, வயரைச் சுருட்டி மெஷின்மேல் வைத்துவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் முகம் நன்றாக இல்லை.

மணி நாலரைதான். ஆனால் கார்த்திகை மழை வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. கணவன் முத்தரசு கடையை அடைத்துவிட்டு வர எட்டாகும்.

போன கார்த்திகையிலும் இதே மழைதான். துணி காயவில்லை என்றுதான் இந்த டிரையரையே வாங்கினார்கள். வாங்கிய பத்தாம் நாள் மகள் கீர்த்திக்குக் காய்ச்சல் கண்டது. நாலரை வயதுப் பிள்ளை, வெடவெடவென்று நடுங்கியது. நன்றாகப் போர்த்தி வேர்க்கவைத்தால் காய்ச்சல் இறங்கிவிடும் என்றுதானே நம் வீடுகளில் செய்வோம்? அவளும் அதைத்தான் செய்தாள். வாத்துப் படம் போட்ட மஞ்சள் போர்வையை டிரையரில் போட்டுச் சூடேற்றி, கழுத்துவரை இறுக்கிச் சுற்றினாள். பிள்ளை உதைத்துத் தள்ளிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கி, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

"கீழ படுத்துக்கிறேம்மா. கல்லு சில்லுனு இருக்கு. போர்வை சுடுதும்மா."

"சளி புடிச்சுக்கும்டி, எந்திரி." மறுபடி தூக்கினாள். மறுபடி சூடேற்றினாள். மறுபடி சுற்றினாள். மூன்று தடவை. விடியும் நேரத்தில் வலிப்பு வந்தது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது அவள் மடி கனத்துவிட்டது.

"எதுக்கும்மா இப்படிப் போர்த்துனீங்க?" என்றார் டாக்டர். சும்மா கேட்டதுதான். அந்த ஒரு கேள்வி ஒரு வருடமாக அவளைத் தூங்கவிடவில்லை. அன்றாவது புத்தி வந்ததா, பாவிக்கு? புதைக்க எடுக்கும்போது வெள்ளைத் துணி போதும் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, மழை பெய்யுது, மண்ணு குளிரும், எம்புள்ள தாங்காது என்று கத்திக் கதறி, அதே போர்வையைச் சுற்றியேதான் அனுப்பினாள்.

அடுப்படிக்குப் போய் டீயைச் சுடவைத்தாள். குடிக்கவில்லை. டிரையர் இருக்கிற பின்கட்டிலிருந்து ஒரு வாடை வந்தது. துணி பொசுங்குகிற வாடையாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது ஈரச் செம்மண்ணைச் சட்டியில் போட்டு வறுக்கிற வாடை. அதற்குள்ளே லேசாக, தித்திப்பாக, காய்ச்சலுக்குக் கொடுக்கிற ஆரஞ்சு மருந்தின் வாடை.

பிறகு சத்தம். தொப். சற்று நேரம் ஒன்றுமில்லை. தொப். டிரம் மெதுவாகச் சுற்றும்போது உள்ளே ஏதோ மேலே ஏறி ஏறிக் கீழே விழுகிற சத்தம்.

பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். வயர் மெஷின்மேல்தான் இருந்தது, காளிராஜ் சுருட்டி வைத்தபடியே.

வட்டக் கண்ணாடிக் கதவில் ஆவி படிந்திருந்தது. உள்பக்கம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு சின்ன வட்டம் தெளிந்தது. கன்னம் அளவுக்கு. குளிர்ச்சி தேடி யாரோ கன்னத்தை ஒட்டிவைத்ததுபோல.

ஓடியிருக்கலாம். ஆனால் அந்தக் கன்னத்தை அவளுக்குத் தெரியும்.

கதவைத் திறந்தாள்.

அனல். முகத்தில் அடித்தது. இருட்டுக்குள் ஒரு மஞ்சள் ஓரம். ஒரு வாத்து. அதன்மேல் காய்ந்த செம்மண்.

"நான்தானடி போர்த்துனேன்," என்றாள். "நானே எடுத்துர்றேன் தங்கம். கீழ வந்துரு. கல்லு சில்லுனு இருக்கு."

இழுத்தாள். உள்ளங்கை பொசுங்கியது. விடவில்லை. ஒரு சுற்று வந்தது. இரண்டு. ஐந்து. மண் உதிர்ந்தது. போர்வை முழங்கால்வரை குவிந்தது. இடுப்புவரை. எல்லாம் வந்திருக்க வேண்டும். இன்னும் வந்தது.

"முடிஞ்சிருச்சு கண்ணு. இந்தா, முடிஞ்சிருச்சு."

டிரம்முக்குள்ளிருந்து, மூக்கடைத்த சின்னக் குரல்.

"இன்னும் சுடுதும்மா."

இழுத்தாள். வாத்து. மண். வாத்து. மண். காலடியில் ஆத்தங்குடிக் கல்லும் சுட ஆரம்பித்திருந்தது.