தடத்தின் மேல் ஒரு குதிகால்

வண்டி என்னை ஆற்றின் நடுவில் இறக்கிவிட்டுப் போனது. பயப்பட வேண்டாம், எங்கள் பக்கத்து ஆற்றில் வருடத்துக்கு மூன்று நாள்தான் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் அது மணல்தான். கரையில் ஒரு முள்மரம், அதன் கீழே தகரக் கூரை போட்ட ஒரு கல்வீடு. காண்டாமிருகக் காவலர்களின் முகாம். மே மாதத்தில் இங்கே ஒரு வாரம் இருந்திருக்கிறேன். தலைநகர் விந்தூக்கில் நான் படிக்கும் கல்லூரி பட்டம் தருவதற்கு இன்னும் பத்து நாள் களப்பணி கேட்டதால், ஆகஸ்டில் மறுபடி வந்து நின்றேன்.

வாசலில் ரோஸ்வித்தா அக்கா ஒரு தகர டப்பாவை நீட்டினாள்.

"ஃபோன்."

"ஒரு வணக்கம்கூட இல்லையாக்கா?"

"வணக்கம். ஃபோன்."

போட்டேன். டப்பாவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"புது விதியா?"

"யெரெமியா போனதுக்கப்புறம் வந்த விதி" என்றாள். அந்தப் பெயரைச் சொன்னதும் உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்த முசுமா பெரியவரின் கரண்டி நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

நடந்தது இதுதான். மே மாதம் இங்கே மூன்று காவலர்கள்: முசுமா, ரோஸ்வித்தா, யெரெமியா. நான் ஊருக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், 'தலைமையாசிரியர்' என்று நாங்கள் பெயர் வைத்திருந்த கிழட்டு ஆண் காண்டாமிருகம் ஊற்றருகே செத்துக் கிடந்தது. கொம்பு இருந்த இடத்தில் ஈக்கள். சுட்டவர்களின் தடத்தைப் பிடித்துக்கொண்டு யெரெமியா தனியாகப் போனான். திரும்பி வரவில்லை. அது எங்கே தண்ணீர் குடிக்கும் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர், அதில் ஒருவனைக் காணோம். வனத்துறை அலுவலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. விற்றுவிட்டு எல்லை தாண்டிவிட்டான் என்று எழுதினார்கள். அவன் வீட்டுக்குப் போய், கொடியில் காய்ந்த சீருடைச் சட்டையைக்கூட எடுத்து வந்துவிட்டார்கள். அதன்பின் அவன் மனைவி அல்பெர்ட்டினா குழாயடிக்கு வந்தால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்களாம்.

இப்போது 'கோபக்காரி' என்ற பெண் காண்டாமிருகம் கன்று போட்டிருந்தது. மூன்று வாரக் கன்று. இரண்டு காவலர்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. படம் எடுத்துத் தாளில் ஏற்றினால்தான் கூடுதல் காவல் தருவார்கள். தாளில் ஏறாத கன்று செத்தாலும், அலுவலகக் கணக்கில் அது செத்ததாக ஆகாது. பிறக்கவேயில்லை.

சாப்பிட்டு முடித்ததும் முசுமா என்னை மரத்துப் பக்கம் கூப்பிட்டு, உப்புக்கண்டத்தை மென்றபடி ரகசியம் பேசினார்.

"தம்பி, ரோஸ்வித்தா போன மாசம் ரெண்டு தடவை ஒபுவோ டவுனுக்குப் போனா. பல்வலியாம். ஒரு பல்லுக்கு ரெண்டு தடவையா?"

கால் மணி நேரத்தில் பாத்திரம் கழுவும் இடத்தில் ரோஸ்வித்தா, எனக்கு அவள் வைத்த கேலிப் பெயரோடு.

"பேராசிரியரே, பெரியவர் கையில புது பைனாகுலர் பாத்தீங்களா? மருமகன் குடுத்தானாம். மருமகன் ஆடு மேய்க்கிறான்."

இருவர் சொன்னதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ரசித்தேன். யாராக இருக்கும் என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். பெரியவர் அறுபது, அக்கா நாற்பது. எனக்கு நான் மதிப்பெண் போட்டுக்கொள்ளவில்லை.

விடிந்தபோது கடல் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்திருந்தது. பத்தடிக்கு அப்பால் உலகம் கிடையாது. மணல் ஈரமாக இருந்தது. தடம் பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல காலை அமையாது. எறும்பு நடந்தாலும் பதியும்.

ஊற்றுக்கு முந்தின திருப்பத்தில் முசுமா வழக்கம்போலக் குந்தினார். அங்கே மண்ணுக்கடியில் படுத்திருக்கும் முன்னோர்களிடம் வந்திருப்பவர்களின் பெயரைச் சொல்லாமல் அவர் தண்ணீரருகே போகமாட்டார்.

"முசுமா வந்திருக்கேன். கூட ரோஸ்வித்தா. கூட எப்சன், படிக்கிற பையன். கன்னுக்குட்டியப் பாத்துட்டுப் போயிடறோம்."

எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒருவர் பெயர் சொல்ல வேண்டியிருப்பதுபோல, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். பனி.

"டாட்டே, போலாமா?" என்றாள் ரோஸ்வித்தா. அவர்கள் மொழியில் அப்பா என்று அர்த்தம். அவரை மதிக்கும்போது மட்டும் அப்படிக் கூப்பிடுவாள். அன்று அவள் குரலில் மதிப்பைவிட அவசரம்தான் இருந்தது.

ஊற்றின் ஈரத்தில் கோபக்காரியின் தடம் கிடைத்தது. மூன்று விரல், தட்டு அகலம், ஓரம் இன்னும் உதிராதது. பக்கத்தில் தேநீர்க் கோப்பை அளவில் கன்றின் தடம். ரோஸ்வித்தா சிரித்தே விட்டாள். கள்ளிச்செடியில் பல் பட்ட இடத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

நூறு அடி நடந்தோம்.

அங்கே தடத்தின் மேல் ஒரு மனிதத் தடம்.

காண்டாமிருகத்தின் காலடிக்குள், நட்டநடுவில், ஒரு பூட்ஸ் குதிகால். அழுத்தித் திருகி, மூன்று விரலையும் கலைத்திருந்தது. அடுத்த தடத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

முசுமா மண்டியிட்டார். குதிகாலின் இடது ஓரத்தில் வண்டி டயர்த் துண்டு வைத்து மூன்று ஆணி அடித்திருந்தது தெரிந்தது. காவலர்கள் ஒருவர் காலடியை ஒருவர் முகம்போல அறிவார்கள். யாரும் பெயர் சொல்லத் தேவைப்படவில்லை.

"உயிரோடதான் இருக்கான்" என்றார் முசுமா மெல்ல. "நாய். கூட்டத்தைக் கூட்டிட்டு வந்திருக்கான். நம்ம கண்ணுல படாம இருக்க அழிச்சிட்டுப் போறான்."

ரோஸ்வித்தா குனிந்தாள். இரண்டு தடங்களுக்கு நடுவிலிருந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாட்டே. நடுவுல அவன் கால் எங்க?"

இல்லை.

ஒரு காண்டாமிருகத் தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மணல் சலவை செய்த துணிபோல இருந்தது. வந்த வழி இல்லை, போன வழியும் இல்லை. அந்த மனிதன் மிருகத்தின் காலடிக்குள் மட்டுமே நின்றிருந்தான்.

நான் நகைச்சுவையாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பாண்டி ஆடுகிறானோ என்று. பிறகு அதை விழுங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் கன்றின் தடங்களைப் பார்த்தேன். அவற்றை அவன் மிதிக்கவில்லை. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் துடைத்திருந்தான். ஐந்து விரலும் மணலில் தெரிந்தன, தூங்குகிற பிள்ளையின் முகத்தைத் துடைத்ததுபோல.

"சுட வர்றவன் இப்பிடித் துடைப்பானா?" என்றாள் ரோஸ்வித்தா.

"அப்ப யாருகிட்டருந்து மறைக்கிறான்?" என்றார் முசுமா.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பனிக்குள் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

முசுமா எழுந்து முழங்கால் மணலைத் தட்டினார். முப்பது வருடம் தடம் பார்த்தவர். பயத்தைக்கூட முறைப்படிதான் விசாரிப்பார். "தடம் பாறை மேல ஏறி அந்தப் பக்கம் மணல்ல இறங்கும். அங்க ஒவ்வொருத்தரா போவோம். தனியா. நூறு அடி. மத்த ரெண்டு பேர் நின்ன இடத்துலயே இருக்கணும்."

"எதுக்கு?" என்றேன்.

"எதுக்குன்னு உனக்கே தெரியும்."

முதலில் ரோஸ்வித்தா போனாள். பனி அவளை விழுங்கிற்று. கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மட்டும் வந்தது: "சுத்தமா இருக்கு! தாய், கன்னு, எல்லாமே முழுசு!" திரும்பி வந்தவளின் கன்னம் நனைந்திருந்தது. பனியாகவும் இருக்கலாம்.

அடுத்து முசுமா. "சுத்தம்" என்று ஒரே சொல்.

அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நேற்று இரண்டு காதிலும் ரகசியம் கேட்டவன் நான். இப்போது அவர்களுக்குள் ரகசியமே இல்லை.

போனேன்.

பாறையைத் தாண்டியதும் தடங்கள் தெரிந்தன. முழுசாக. அவர்கள் சொன்னது பொய்யில்லை. பெரியது, சிறியது, பெரியது, சிறியது. வரிசை நேராகப் பனிக்குள் போனது. பக்கத்தில் ஈரச் சாணத்தின் வாசனை; அதனடியில் வேறொரு வாசனை, வெயிலில் நெடுநாள் கிடந்த தோலுடையது.

ஓர் அடி வைத்தேன்.

சர்க்.

ஈர மணல் நெரியும் சத்தம். என் காலடியில் அல்ல. முன்னால்.

எனக்கு மிக அருகிலிருந்த தடத்தில் குதிகால் இருந்தது. டயர்த் துண்டு, மூன்று ஆணி. கண் மூடித் திறந்தேன்.

சர்க்.

அடுத்ததிலும்.

சர்க். சர்க்.

ஒவ்வொன்றாக, என்னைவிட்டு விலகி, அவசரமே இல்லாமல், பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. சிறிய தடங்களில் சத்தம் வேறாக இருந்தது. மெதுவான தடவல்.

ஆள் இல்லை. நிழல் இல்லை. தடங்கள் மட்டும் அழிந்துகொண்டிருந்தன.

நான் எப்படித் திரும்பினேன் என்று தெரியவில்லை. முசுமா என் சட்டையைப் பிடித்திருந்தார்.

"என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

"என்னடா பண்ணின?"

சத்தியமாக நான் மறைக்கவில்லை. மறந்திருந்தேன், அது அதைவிடக் கேவலம். மே மாதம் தலைமையாசிரியர் ஊற்றில் தண்ணீர் குடிப்பதைப் படமெடுத்து ஃபோனில் எங்கள் வகுப்புக் குழுவில் போட்டேன். நாற்பத்து மூன்று பேர். பதினேழு கட்டைவிரல். முன்பின் தெரியாத எண் ஒன்று, யாரோ சேர்த்துவிட்டது, கேட்டது: 'செம! எந்த இடம்?' என்னை மதித்து ஒருவர் கேள்வி கேட்ட மகிழ்ச்சியில் வரைபடத்தோடு அனுப்பினேன். எந்த நேரத்தில் வரும் என்பதையும் சேர்த்து.

சொல்லி முடித்ததும் ரோஸ்வித்தா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. முசுமாவிடம் திரும்பினாள்.

"டாட்டே, அவன நாய்னு சொன்னீங்க."

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். பனியைப் பார்த்து ஏதோ சொன்னார். மன்னிப்பாக இருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, "நீ முகாமுக்குப் போ. நாங்க கன்னுக்குட்டியப் பாத்துட்டு வர்றோம்" என்றார்.

மதியம் திரும்பி வந்தார்கள். படம் கிடைத்திருந்தது. தாய், கன்று, அடையாளத்துக்கு வேண்டிய இரண்டு காதும் முழுசாக. என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நல்லவனாகிவிட்டதால் அல்ல. அந்த மூன்று நாளும் நான் எந்தப் பக்கம் நடந்தாலும், எனக்கு முன்னாலிருந்த ஆட்டுத் தடங்கள்கூட அழிந்துகொண்டே போயின. கல்லூரி என் களப்பணியை ரத்து செய்தது. போலீஸ் ஃபோனை எடுத்துக்கொண்டது. இடம் கேட்ட அந்த எண் எப்போதோ செத்திருந்தது.

கூட்டத்தில் அல்பெர்ட்டினா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அலுவலகத்து ஆளிடம் கை நீட்டினாள்.

"சட்டையக் குடு."

"அம்மா, அது அலுவலகச் சொத்து..."

"அவன் வேலையிலதான இருக்கான்? சட்டை இல்லாம நிக்கிறான். குடு."

கொடுத்தார்கள். குழாயடியில் ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாளாம். இது ரோஸ்வித்தா குரல் செய்தியில் சொன்னது. யெரெமியாவின் உடலை ஒரு மாதம் தேடினார்கள். கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் விந்தூக்கை விட்டு நகரவில்லை. களத்துக்கு லாயக்கில்லாதவன் என்று முடிவாகிவிட்டதால், விமானத்திலிருந்து மிருகங்களை எண்ணிய தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலையை வனத்துறை அலுவலகத்தில் தந்தார்கள். மானும் வரிக்குதிரையும் மட்டும். காண்டாமிருக வரிகளை என்னிடம் தரக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு இருந்தது.

நேற்று காலை பத்து மணிக்கு, குழல் விளக்கின் கீழே, அப்படி ஒரு வரி வந்துவிட்டது. வெளிநாட்டு விமானி எழுதியது, விவரம் தெரியாதவர். காண்டாமிருகம்: இரண்டு. தாய், கன்று. மனிதர்: ஒன்று. குறிப்பு: 'நடந்து செல்லும் காவலர். கன்றுக்குப் பின்னால் குனிந்து குனிந்து வருகிறார். கையசைத்தோம். நிமிரவில்லை.'

தேதியைப் பார்த்தேன். அன்று முசுமாவும் ரோஸ்வித்தாவும் பயிற்சிக்காக ஒபுவோவில் இருந்தார்கள். நான்தான் அவர்களுக்குப் பேருந்துச் சீட்டு எடுத்திருந்தேன்.

வரியின் கடைசிக் கட்டத்தில் அவை நின்ற இடம் இருந்தது. எண்கள். நான் அதை ஏற்றியிருக்கமாட்டேன், யாருக்கும் சொல்லியிருக்கமாட்டேன். அதை மட்டும் நம்புங்கள். சும்மா பார்க்கலாம் என்றுதான் விரலை அந்த வரி மேல் நகர்த்தினேன்.

சர்க்.

நான்காவது மாடி. ஜன்னல் மூடியிருந்தது.

முந்நூறு வரிகளும் அப்படியே இருந்தன. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் காகிதம் திருகித் தேய்ந்து நார்நாராகியிருந்தது. விரலால் தொட்டேன். நார்களுக்கிடையில் சிவப்பு மணல். கடல் பனியில் நனைந்ததுபோல, ஈரமாக.