கரைக்குத் தெரியாத பக்கம்

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து பூவரசன் தன் இடது பக்கத்தை ஜோதிக்குக் காட்டவே இல்லை.

அவள் அதைக் கவனிக்கவே வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு விடியற்காலையிலிருந்து ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து, மேலூர் ரோட்டில் மாடி வீட்டுப் படியேறும்போது, கட்டிலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவளுக்குத் தேவைப்படாது. அப்படிப்பட்டவள், மாதக்கணக்காகக் கடலில் கிடந்த புருஷன் வாசலில் நிற்பதைப் பார்த்தால் என்ன செய்வாள்? அழுதாள். சாதம் வடித்தாள். பையைக் காணோமே என்று கேட்டாள். கடலில் போய்விட்டது என்றான். போனும் அதோடு போயிற்றாம். போனால் போகிறது, ஆள் முழுசாக வந்தாயிற்றல்லவா என்று விட்டுவிட்டாள்.

கூடத்தில் சுவரோரம் கிடக்கும் நாற்காலியில், இடது பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி உட்கார்ந்திருந்தான். கட்டிலிலும் சுவர்ப் பக்கம்தான். எழுந்து நடந்தால் இடது தோளிலிருந்து ஒரு துண்டு விரல் நுனி வரை தொங்கும். சாப்பாடு, டம்ளர், கதவு எல்லாவற்றுக்கும் வலது கைதான். அவள் பேசினால் தலையைத் திருப்ப மாட்டான். வலது கண்ணால் மட்டும் பார்ப்பான்.

“கையில அடி கிடி பட்டிருக்கா?” என்று வெள்ளிக்கிழமை கேட்டாள்.

“இல்லை.”

“எங்க, காட்டுங்க.”

“அப்புறம்.”

மேலே கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது காயம் வெளியே வரும், காயம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும், அதற்கு லீவு கேட்டு அந்த மேனேஜர் முன்னால் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். அசதி மனுஷியை எவ்வளவு தூரத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

வாடை ஒன்று இருந்தது. அவன் எப்போது வந்தாலும் டீசல் வாடையோடுதான் வருவான், இரண்டு குளியலில் போய்விடும். இந்தத் தடவை போகவில்லை. துருவேறிய இரும்பும் தேங்கிய உப்புத் தண்ணீரும் கலந்த வாடை, ரசம் கொதிக்கும்போதுகூட அதற்கு மேலே ஏறி நின்று, தலையணை உறையிலும் அவள் மடித்து வைத்த புடவைகளிலும் புகுந்து, வேலைக்குப் போன இடத்தில்கூட அவள் கையை முகர்ந்து பார்க்க வைத்தது. தூங்கும்போது அவன் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வந்தது. குறட்டை இல்லை. பெரிய இரும்புத் தகட்டைத் தண்ணீர் மெதுவாக நெளிப்பது போல, நீளமாக முனகி, நின்று, யோசித்து, மறுபடி முனகும். கீழ்வீட்டு மோட்டார் என்று சொல்லிக்கொண்டு போர்வையை இழுத்துக்கொண்டாள்.

பூவரசனுக்கு இழுவைக் கப்பலில் வேலை. தெற்கே புதிதாகக் கட்டும் ஒரு துறைமுகத்துக்காகக் கடலூர்ப் பக்கத்திலிருந்து கருங்கல் ஏற்றிய பார்ஜைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். பார்ஜுக்கு இன்ஜினும் கிடையாது, ஆளும் கிடையாது. தட்டையான இரும்புப் பெட்டி. கயிறு கட்டி இழுத்தால் பின்னாலேயே வரும். கடலில் சிக்னல் கிடைக்காது. பத்து நாளைக்கு ஒரு தடவை போன் வந்தால் அதிகம்.

அந்தத் தவிப்பில்தான் அவளுக்கு அன்வரைத் தெரியவந்தது. நாகூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பையன். ரயிலைப் படம் பிடிக்க அலைகிறவர்கள் இருக்கிற மாதிரி, இழுவைக் கப்பலையும் பார்ஜையும் தேடித் தேடிப் படம் பிடிக்க ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவை அன்வர்தான் நடத்தினான். புருஷனுடைய கப்பல் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் அவள் சேர்ந்தாள். போகப் போக அவளையும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பழைய கேமரா ஒன்றை, நீளமான லென்ஸோடு வாங்கினாள். லீவு நாளில் காலை ரயிலைப் பிடித்து நாகூர் கடற்கரைக்குப் போய் முக்காடு போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பாள். கப்பல் புள்ளியாகத் தெரியும்போதே புகைபோக்கியின் பட்டையையும், பக்கவாட்டில் தொங்கும் டயர்களையும் வைத்துப் பெயரைச் சொல்லிவிடுவாள். “அக்கா, உங்களைத் துறைமுகத்துலயே வேலைக்கு எடுத்துக்கணும்” என்று அன்வர் கேலி செய்வான்.

படம் எடுத்து முடித்ததும் கையைத் தூக்கிக் காட்டுவது அந்தக் கூட்டத்தின் பழக்கம். கப்பலில் இருக்கிறவர்களும் பதிலுக்குக் காட்டுவார்கள்.

முதல் நாளே அவனைக் கண்டுபிடித்துவிட்டாள். இழுவைக் கப்பலில் இல்லை, பின்னால் வந்த பார்ஜில். கருங்கல் குவியலுக்குப் பின்னால் ஆரஞ்சுச் சட்டையோடு தனியாக நின்றான். அதே உயரம், ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கிற அதே நிற்பு. கப்பல் தெற்கே போவதால் கரைக்கு அவனுடைய வலது பக்கம்தான் தெரிந்தது. திரும்பும்போது வெகு தூரத்தில், இருட்டில் போய்விடுவார்கள். அப்போது எதுவும் தெரியாது. அவள் கையைத் தூக்கினாள். அவனும் வலது கையைத் தூக்கினான். “போதுங்க, வீட்டுக்கு வந்துடுங்க” என்று காற்றில் கத்தினாள். கேட்காது என்று தெரியும். இருந்தாலும் போன ஒவ்வொரு தடவையும், பார்ஜில் அவனைப் பார்த்த ஒவ்வொரு தடவையும், கத்தினாள்.

போனில் ஒரு நாள் சொன்னபோது பூவரசன் சிரித்தான். “பார்ஜ்லயா? இழுத்துட்டுப் போறப்ப அதுல யாரும் ஏற மாட்டோம் ஜோதி. நீ வேற யாரையாவது பார்த்திருப்பே.” யாரும் ஏற மாட்டார்கள் என்றால் வேறு யாரைப் பார்த்திருக்க முடியும் என்று அவள் கேட்கவில்லை. நான் பயப்படக் கூடாதென்று மறைக்கிறார் என்று நினைத்து, அதற்கும் சேர்த்து ஒரு பாட்டம் அழுதாள்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அவன் அதே நாற்காலியில் இருந்தான். காலையில் வைத்துவிட்டுப் போன இட்லி அப்படியே இருந்தது. நாற்காலிக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. துடைத்தாள். டீ போடச் சமையற்கட்டுக்குள் போனபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் போடக் கை நீட்டிய நேரத்தில் அன்வர் போனில் கூப்பிட்டான்.

“என்னக்கா, நாலு நாளா குரூப் பக்கமே காணோம்? காலைல அனுப்பின படத்தைப் பார்த்தீங்களா?”

“அண்ணன் வீட்டுக்கு வந்திருக்காரு தம்பி. அதான்.”

அவன் சிரித்தான். “என்னக்கா சொல்றீங்க? அண்ணன் படத்தைத்தான் அனுப்பியிருக்கேன். இன்னிக்குக் காலைல போட் நாகூரைத் தாண்டிச்சு. எனக்குக் கைகூட காட்டினாரு. பாருங்க.” கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைத்தாள். படத்தைத் திறந்தாள்.

இழுவைக் கப்பலின் பின்பக்கம். கம்பியில் சாய்ந்துகொண்டு பூவரசன். கேமராவை நேருக்கு நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்து, இடது கையைத் தூக்கியிருந்தான். மணிக்கட்டில் அவள் வாங்கிக் கொடுத்த வாட்ச். பின்னால் பார்ஜ். கருங்கல் இருந்தது. ஆள் இல்லை.

அவள் கேமராவிலிருந்து போனில் ஏற்றி வைத்திருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இதுவரை பார்க்காத இடத்தைப் பெரிதாக்கினாள். கப்பலின் பின்பக்கம் கயிறு சுற்றிக்கொண்டு பூவரசன். டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் பூவரசன். யாரிடமோ பேசிக்கொண்டு, பாதி முகம் மறைந்து, பூவரசன். எல்லாப் படத்திலும் இருந்தான். அவள்தான் பார்க்கவில்லை. பார்ஜில் ஒருவனைக் கண்டுபிடித்த பிறகு இன்னொருவனை எதற்குத் தேடுவாள்?

பார்ஜில் நின்றவனைப் பெரிதாக்கினாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து பழுப்புப் புள்ளிகள். கண்ணும் மூக்கும் அவளே போட்டுக்கொண்டது.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் பூவரசன் என்று பெயர். கடலில் விழுந்துவிட்ட போன்.

“ஜோதி, நான்தான். சார்ஜ் இல்லாம போயிடுச்சு, தஞ்சாவூர்லதான் ஏத்தினேன். மத்தியானம் நாகப்பட்டினத்துல ஆள் மாத்தி அனுப்பிட்டாங்க. சொல்லாம வந்து நிக்கலாம்னு பார்த்தேன். இப்ப நம்ம ஸ்டாப்புல இறங்கிட்டேன். எதுனா வாங்கிட்டு வரணுமா?”

எதுனா வாங்கிட்டு வரணுமா. கல்யாணமான நாளிலிருந்து தெருமுனையில் நின்று கேட்கிற கேள்வி. உள்ளே இருப்பது அதைக் கேட்கவே இல்லை. ஜோதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனை இந்தக் கேள்விக்காகவே எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கே தெரிந்தது.

“வராதீங்க” என்றாள். கூடத்துக்குக் கேட்காதபடி மெதுவாக.

“என்னது?”

“வீட்டுக்கு வராதீங்க. திரும்பி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கே போயிடுங்க. நான் வரேன் அங்க.”

“கேக்கலை ஜோதி, லாரி போகுது. இரு, வந்துட்டேன்.”

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். உப்புத் தண்ணீர் வாடை சமையற்கட்டு முழுக்க நிறைந்தது.

சமையற்கட்டின் வாசல்படியில் அது நின்றுகொண்டிருந்தது. வலது பக்கம் இவளைப் பார்த்தபடி.

“யாரு?”

“லேப்ல இருந்து” என்றாள்.

“வரட்டும்.”

அது ஒரு அடி உள்ளே வைத்தது. ஈரம் டைல்ஸில் ஒட்டிப் பிரிகிற சத்தம். அந்தச் சின்னச் சமையற்கட்டில் பின்னால் போக இடமே இல்லை. அடுப்பு மேடை அவள் இடுப்பில் இடித்தது.

“நீதானே கூப்பிட்டே” என்றது. பூவரசன் குரல்தான். கோபம்கூட இல்லை, அசந்துபோன குரல். “கரையிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தே. வந்துட்டேன். ஆனா உனக்கு அங்கேர்ந்து ஒரு பக்கம்தான் தெரிஞ்சுது. மிச்சத்துக்கு என்ன வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.”

மெதுவாகத் திரும்பியது. துண்டு நழுவியது.

ஜன்னலில் இருந்த கொஞ்ச வெளிச்சம் போதுமாக இருந்தது. இடது பக்கம் என்று ஒன்று இல்லை. வலது பக்கமே இன்னொரு தடவை இருந்தது. வலது புருவத்தில் இருந்த அதே வெட்டு, அதே நீளத்தில். கை தொடையோடு ஒட்டித் தொங்கியது. பெருவிரல் முன்னால் இல்லை. பின்னால் இருந்தது. இடது தோளிலிருந்து தொங்கியது ஒரு வலது கை.

கீழே இரும்பு கேட் கிறீச்சிட்டது. கீழ்வீட்டு மாமி யாரையோ விசாரிக்கிற குரல். செருப்புச் சத்தம் படியில் ஏறியது. களைத்த கால். ஒரு படி. நின்று பையை மாற்றிக்கொள்ளும் சத்தம். மறுபடி.

“அவன் வரட்டும்” என்றது. “மிச்சப் பக்கத்தைக் கிட்ட நின்னு பார்த்துக்கறேன்.”

ஜோதி வாயைத் திறந்தாள். கத்தத்தான். அதற்குள் அவள் கால் தரையில் இல்லை. கூடம் அவளைக் கடந்து போனது. நாற்காலி. கட்டில். கதவு.

“ஜோதி” என்று வெளியே கூப்பிட்டான் பூவரசன். “கதவைத் திற. கை கனக்குது.”

ஒரு வலது கை அவள் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தது. இன்னொரு வலது கை தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டிருந்தது.