நல்ல வார்த்தை

விரித்து அரைமணி நேரம்கூட ஆகாத கட்டில் விரிப்பில் குழி விழுந்திருந்தது. ருக்மிணி அதை இரண்டு கையாலும் நீவிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். வெளியே ஏ.எஸ்.ராவ் நகரின் மத்தியான வெயிலும் பஸ் ஹாரனும் வழக்கம்போல இருக்க, அறைக்குள் மட்டும், ஃபினாயில் ஊற்றித் திரும்பத் திரும்பக் கழுவிய தரையையும் மீறி, கணவர் சந்தானத்தின் படுக்கைப்புண் வாடை மெல்லக் கசிந்து வந்தது. வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில் காலையிலேயே திரும்பிப் போய்விட்டது. இது அவர்களுடைய பழைய கட்டில். மனசுதான் கோளாறு பண்ணுகிறது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

பிள்ளை அனிருத் அப்பாவின் அஸ்தியைக் கரைக்கக் கிருஷ்ணா நதிக்குப் போயிருந்தான். வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

சந்தானத்துக்கு எலும்பெல்லாம் புற்று பரவி டாக்டர்கள் கைவிரித்த பிறகு, வலியில்லாமல் வைத்திருக்க வீட்டுக்கே வந்துகொண்டிருந்த நர்ஸ் பத்மஜா, கடைசி நாளன்று ருக்மிணியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தெலுங்கில் சொன்னாள். உங்களுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், போகலாம் என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் நிம்மதியாகப் போய்விடுவார் என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் ருக்மிணிக்கு வரவில்லை. சந்தானம் பெரிய இன்ஜினியர், ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் படித்ததெல்லாம் பரணுக்குப் போய்விடும். கறிகாய் வாங்கக் கிளம்பும்போதுகூட அவரிடம் 'போங்கோ' என்று சொல்லிவிட முடியாது. கல்யாணமான நாளிலிருந்து பழகிய நாக்கு அவளுக்கு. அவர் காதருகே குனிந்து, "போயிட்டு வாங்கோ" என்றாள். அவர் முகம் தெளிந்தது. சற்று நேரத்தில் மூச்சு அடங்கியது. மறுநாள் பத்மஜா வந்து மிச்சமிருந்த மார்ஃபின் மாத்திரைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போனாள்.

ஜன்னலிலிருந்து திரும்பினாள். குழி மறுபடி விழுந்திருந்தது, முன்னைவிட ஆழமாக, தோள் அகலத்துக்கு. தலையணை நடுவில் அமுங்கியிருந்தது. அங்கிருந்து, சளி கட்டிய தொண்டையில் காற்று இழுபடுகிற, மாதக்கணக்கில் அவள் தூங்காமல் கேட்ட அந்தக் கொரகொரப்பு வந்தது.

ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

"வலிக்கறது, ருக்கு. மருந்து குடு."

அலமாரியைத் திறந்தாள். காலி. இழுப்பறையை இழுத்தாள். பஞ்சும் கத்தரிக்கோலும்தான். பின்னால் முனகல் எழும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முனகுகிற முனகல். கடைசி ஒரு மாதம் மருந்து ஒன்றுதான் அதை அடக்கியது.

இப்போது புரிந்தது. வரச் சொன்னாள். வந்துவிட்டார். வலியோடு.

கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஓடலாம். ஆனால் அவரை இப்படி விட்டுவிட்டு எங்கே ஓடுவது? கட்டிலருகே போனாள். வாடை மூக்கில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"போங்கோன்னா." அழுகையில் குரல் உடைந்தது. "இனிமே வர வேண்டாம். போங்கோ."

முனகல் நின்றது.

கொரகொரப்பும் நின்றது.



"அப்படிச் சொல்லப்படாது, ருக்கு." பொறுமையாக, எப்போதும் திருத்துகிற அதே குரலில். "நல்ல வார்த்தையா சொல்லு."

கண்ணைத் திறந்தாள். தலையணை மெதுவாக உப்பி எழுந்தது. படுக்கையின் குழி சமமானது. பிறகு கட்டிலின் விளிம்பில், அவளுக்கு நேர் எதிரே, ஒரு ஆள் உட்கார்ந்த கனத்தில் மெத்தை அமுங்கியது. புது விரிப்பில் புண்ணின் ஈரம் பரவத் தொடங்கியது.