புரட்டிவிடும் நேரம்

மவுண்ட் வெல்லிங்டன் முதியோர் இல்லத்தின் ஒன்பதாம் அறைக்குள் ராகவி பகல் இரண்டு மணிக்கு நுழைந்தாள். வாரத்தில் நாலு நாள் வேலை, ஒரு நாள் வகுப்பு. வேலை பார்த்துக்கொண்டே நர்ஸிங் பட்டம் வாங்கச் சேர்ந்தவள். பொறுப்பு நர்ஸ் யோகராணியின் ஒரு கையெழுத்து விழுந்தால் இரண்டாம் ஆண்டு முடிந்துவிடும்.

போன வாரம்வரை அந்தக் கட்டிலில் மோகனதாஸ் என்ற மலேசியக்காரர் கிடந்தார். பக்கவாதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிவிட்டு, கட்டிலோரத் தாளில் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். ராகவி கெட்டிக்காரி. இரவு எட்டு மணிவரைக்குமான கையெழுத்துகளை மதியமே போட்டுவிட்டு, மூலையில் உட்கார்ந்து கட்டுரை எழுதுவாள். யோகராணியும் கட்டில் பக்கம் போகாமலே ‘சரிபார்த்தேன்’ என்று ஒப்பமிடுவாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

"பொண்ணு, கொஞ்சம் புரட்டிப் போடேன்," என்று அவர் கெஞ்சுவார்.

"இப்ப வாறன் அங்கிள்," என்பாள். எழுந்திருக்க மாட்டாள்.

படுத்தே கிடந்ததால் முதுகில் வந்த புண் எலும்புவரை போய், சீழ் இரத்தத்தில் கலந்து, மனிதர் துடித்துச் செத்தார். தாள் சுத்தமாக இருந்ததால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று அந்தக் காலிக் கட்டிலின் விரிப்பை மாற்றக் குனிந்தாள். கிருமிநாசினி வாசனைக்கு அடியில் அழுகல் வாடை அடித்தது.

கட்டிலோரம் புதுத் தாள் தொங்கியது.

நோயாளி: ராகவி.

இரண்டு, நாலு, ஆறு, எட்டு. எல்லாவற்றுக்கும் நேராக அவளுடைய கையெழுத்து.

மெத்தையில் மல்லாந்து விழுந்தாள். விரல்கூட அசையவில்லை. வெயில் சுவரில் மெல்ல நகர்ந்தது. தேநீர் வண்டி உருண்டு போனது. அவளைத் தேடிவந்த யோகராணி எட்டிப்பார்த்தாள். கட்டில் காலியாகத்தான் தெரிந்ததோ என்னவோ, போய்விட்டாள். முதுகு முதலில் எரிந்தது, பிறகு பிளந்தது.

வாசலில் வீங்கிய வெறும் பாதங்கள் நின்றன.

"அங்கிள், என்னை ஒருக்கா திருப்பிவிடுங்கோ," என்று அழுதாள்.

"இப்ப வரேன் பொண்ணு."

பாதங்கள் திரும்பிப் போயின.

எட்டு மணிக்கு மேல்தான் மற்றவர்கள் கண்ணில் அவள் பட்டாள். உயிர் இருந்தது. முதுகில் எலும்பு தெரிந்தது. ஒரே மாலையில் இப்படிப் புண் வரவே வராது என்றார் மருத்துவர்.

யோகராணி அந்தத் தாளைக் கழற்றினாள்.

அடியில் இன்னொன்று தொங்கியது. அதில் நாளைய தேதி, நாலு நேரங்கள், நாலுக்கும் நேராக அவளுடைய ‘சரிபார்த்தேன்’ ஒப்பம்.

நோயாளி: யோகராணி.